மூன்று மா நெல்லை எதில் அரைப்பது?

சாப்பாட்டுக்கென்று நாங்கள் ஒதுக்கியிருப்பது மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். மன்னார்குடிப் பக்கம். சம்பாப் பட்டத்தில் பாதி மாப்பிள்ளை சம்பா, பாதி தூயமல்லி. விளைவிப்பதில்கூட இவ்வளவு யோசனை இல்லை. அறுத்துக் களத்துக்கு வந்த நெல்லை எங்கே அரைப்பது என்பதில்தான் வருஷா வருஷம் பேச்சு நீளும். உரல், ஊர் ஹல்லர், டவுன் மில், வீட்டு மினி மில் என்று நான்கையும் பார்த்தாகிவிட்டது.

உரலைச் சட்டென்று சொல்லி முடித்துவிடலாம். பொங்கலுக்கு முன்னால் தூயமல்லியில் நாலு கட்டு மட்டும் அறுத்து, அம்மா குத்தும் பச்சரிசிக்கு அது சரி. நொய் கொஞ்சம் கூடத்தான் விழும். சர்க்கரைப் பொங்கலில் யார் பார்க்கிறார்கள்? மாதச் சாப்பாட்டுக்கு உலக்கை பிடிக்க இன்றைக்கு வீட்டில் யாருக்கும் தோள் இல்லை. எனக்கும் சேர்த்துத்தான்.

உண்மையான போட்டி ஊர் ஹல்லருக்கும் டவுனில் இருக்கும் ரப்பர் ரோல் மில்லுக்கும்தான். ஹல்லரில் வரி போட்ட இரும்பு உருளை நெல்லைத் தேய்த்தே உமியையும் தவிட்டையும் ஒன்றாக உரிக்கிறது. ரப்பர் ரோல் மில்லில் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு உருளைகளுக்கு நடுவே உமி மட்டும் கழன்றுவிடும். தீட்டுவது அப்புறம், தனி இயந்திரத்தில். இதனால் வரும் வித்தியாசம் மூட்டையில் தெரியும். 60 கிலோ நெல்லுக்கு ஹல்லரில் 36, 37 கிலோ அரிசி. டவுன் மில்லில் தீட்டியே 40 கிலோ. தீட்டாமல் உமியை மட்டும் நீக்கித் தரச் சொன்னால் 45 கிலோ வரைக்கும் போகும்.

கணக்கு மட்டும் பார்த்தால் டவுன் மில்தான். நானும் அப்படித்தான் போனேன். ஒரு மூட்டையைத் தனியாக ஓட்ட மாட்டார்கள், பத்து மூட்டையாவது வேண்டும் என்றார்கள். சரி என்று சேர்த்து ஏற்றினேன். திரும்பி வந்த மாப்பிள்ளை சம்பாவைக் களையும்போதே தெரிந்துவிட்டது: சிவப்புக்கு நடுவே பல்லைக் காட்டிக்கொண்டு வெள்ளை அரிசி. முந்தின ஆளுடைய குண்டு நெல் இயந்திரத்தில் தங்கியிருக்கிறது. அடுத்தவர் வீட்டுக்கு என் சிவப்பரிசி எவ்வளவு போனதோ. தவிட்டையும் தரவில்லை, அது மில்லுக்காம். மாடு வைத்திருப்பவனுக்கு அது சின்ன நஷ்டம் இல்லை.

ஹல்லரில் இந்தத் தொல்லை கிடையாது. மூட்டையை எக்ஸ்எல் வண்டியில் வைத்துக்கொண்டு போனால், என் நெல் உள்ளே போவதையும் என் அரிசி வெளியே விழுவதையும் நின்று பார்க்கலாம். உமியோடு கலந்துதான் வரும் என்றாலும் தவிடு நமக்கே. குறை ஒன்று உண்டு: தேய்க்கிற தேய்ப்பில் மாப்பிள்ளை சம்பாவின் சிவப்பு கரைந்துபோகும். சிவப்பு இருப்பதே தவிட்டு அடுக்கில்தானே. மில்காரரிடம் உருளையை ஒட்டி நிற்கும் கத்தியைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லி ஒரே ஓட்டில் எடுத்தால் ஓரளவு தங்கும். அங்கங்கே நெல் நிற்கும், முறத்தில் பொறுக்க வேண்டியதுதான்.

ஆனால் எந்த இயந்திரம் என்பதைவிட அரிசியைக் காப்பாற்றுவது புழுக்கலும் காய்ச்சலும்தான். எனக்கு இதைப் புரியவைத்தவர் அந்த ஹல்லர்காரர். மூட்டையை அவிழ்த்ததும் நாலு நெல்லை எடுத்துக் கடித்தார். "கடுக்குனு சத்தம் வரல தம்பி. நாளைக்கு ஒரு வெயில் காட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்குக் கோபம்தான். ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு வர வேண்டும் என்பதைத்தான் அவர் பல்லால் பார்த்திருக்கிறார். கொள்முதல் நிலையத்தில் 17 வரை எடுத்துக்கொள்வார்கள். அந்த ஈரத்தோடு அரைத்தால் பாதி குறுணைதான். ஒரே நாள் உச்சி வெயிலில் முறுகக் காயவைத்தாலும் அரிசி உள்ளுக்குள் விரிசல் விட்டுவிடும். அதனால் இப்போது ராத்திரி ஊறப்போட்டு, அண்டாவில் நெல் வாய் பிளக்கும்வரை அவித்து, முதல் நாள் இளவெயிலில் காட்டிக் குவித்து ஆறவிடுகிறோம். மிச்சக் காய்ச்சல் மறுநாள். அப்படிச் செய்த நெல் ஹல்லரில்கூட அதிகம் உடைவதில்லை.

மினி மில்லைப் பக்கத்துத் தெருவில் ஒருவர் வாங்கியிருக்கிறார். 3 ஹெச்பி மோட்டார், வீட்டு சிங்கிள் பேஸ் கரண்டிலேயே ஓடுகிறது. தீட்டாமல் எடுக்கலாம், சிவப்பு அப்படியே நிற்கிறது, வேண்டும்போது பத்து கிலோ போட்டுக்கொள்ளலாம். தீட்டாத அரிசியை மாதக்கணக்கில் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும் என்பதால் அந்த வசதி பெரிசு. நெல்லாக இருக்கும்வரை மூட்டையில் கெடாமல் கிடக்கும். ஆனால் ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு இயந்திரம் வாங்குவது, ஒரு பசுவுக்குப் பால் பண்ணை கட்டுகிற கதை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் சாக்கு போர்த்தி நிற்கும்.

இந்த வருஷம் தூயமல்லி ஹல்லருக்கு. மாப்பிள்ளை சம்பா, கூலி கொடுத்து அந்த மினி மில்லில். நாலு வீடு சேர்ந்து இன்னொன்று வாங்கலாம் என்று தெருவில் பேச்சு ஓடுகிறது. கரண்ட் பில் யார் பெயரில் வரும் என்ற இடத்தில் நிற்கிறது.