அடங்க மறுக்கும் துணி: என் முதல் பாராசூட்டுடன் பதினைந்து மாதங்கள்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். என்னைவிட ஆறு வயது இளையவர்; இரண்டு மாதங்களுக்கு முன்புதான் 25 குதிப்புகளை முடித்து, அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் ‘ஏ’ உரிமம் பெற்றவர். நான் வைத்திருக்கும் அதே வகைப் பாராசூட்டுக்கு இப்போது விலையைக் குறைத்திருக்கிறார்களாம். “அண்ணா, புதுசாவே வாங்கிடலாமா? உங்களுக்கு ஒத்துவந்துச்சா?” என்று கேட்டார். அன்று காலையில்தான் பையை மூடப் போராடியதில் என் உள்ளங்கைகள் கன்றிச் சிவந்திருந்தன. “வேண்டாம், வாங்காதே” என்று சொல்லி முடித்துவிட்டேன். இரவு யோசித்துப் பார்த்தபோது அந்தப் பதிலில் பாதி நியாயம்தான் இருந்ததாகப் பட்டது. மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அடிப்படை விவரங்கள் குதிப்பவர்களுக்குத் தெரிந்தவையே என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 190 சதுர அடி, ஒன்பது அறைகள், முழுவதும் ஜீரோ போரோசிட்டி எனப்படும் காற்றுப் புகாத நைலான் துணி. நானும் என் உடையும் கருவிகளும் சேர்ந்து 86 கிலோ, அதாவது 190 பவுண்டு. ஆகவே சதுர அடிக்கு ஒரு பவுண்டு என்று புதியவர்களுக்குச் சொல்லப்படும் அளவு எனக்குச் சரியாக அமைந்தது. லாஸ் ஏஞ்சலீஸுக்குத் தென்கிழக்கே இருக்கும் பெரிஸில்தான் பெரும்பாலான வார இறுதிகளில் குதிக்கிறேன். வாடகை ரிக்கில், அதாவது பாராசூட்டுகளும் முதுகுப்பையும் சேர்ந்த தொகுப்பில், 38 முறை குதித்த பிறகு இதை வாங்கினேன். இதில் இதுவரை 160 முறை குதித்திருக்கிறேன். பிரதானப் பாராசூட் கைவிட்டால் உதவும் ரிசர்வ் பாராசூட்டை 180 நாட்களுக்கு ஒருமுறை, பாராசூட்டுகளை மடித்துப் பழுதுபார்க்க உரிமம் பெற்ற ரிக்கர் ஒருவர் பிரித்துப் பார்த்து மடித்து முத்திரையிட வேண்டும் என்பது அமெரிக்க விதி என்பதால், சில நாட்களுக்கு முன்பு ரிக்கரிடம் கொடுத்திருந்தேன். அப்போதே பிரதானப் பாராசூட்டின் கயிறுகளையும் அளந்து பார்க்கச் சொன்னேன். துணி சட்டென்று விரியாமல் தாமதப்படுத்தும் சிறு துணியான ஸ்லைடர் உரசி இறங்கும் சூட்டில், ஸ்பெக்ட்ரா என்ற செயற்கை இழையாலான கயிறுகள், அவற்றிலும் குறிப்பாகப் பிரேக் கயிறுகள், நாளடைவில் சுருங்கிப்போகும். என்னுடையவை இன்னும் வரம்புக்குள்தான் இருக்கின்றன என்று சொல்லித் திருப்பித் தந்தார். பறக்கும் கருவி என்ற முறையில் இதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை இல்லை என்பதோடு நிறுத்திவிட்டால் இந்தப் பாராசூட்டுக்கு அநியாயம் செய்தவனாவேன். இது திறக்கும் விதத்தை நான் எங்கே தொடங்கிச் சொல்வது? 12,500 அடியில் விமானத்தை விட்டு வெளியேறினால், நான் திறக்கும் உயரமான 4,000 அடிக்கு வந்துசேர ஏறக்குறைய 50 விநாடிகள் ஆகும். அப்போது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருப்போம். பையின் அடிப்புறத்தில் இருக்கும் பிடியை வலது கையால் உருவிக் காற்றில் விட்டதும் பைலட் சூட் என்னும் சிறு குடை விரிந்து, முதுகிலிருந்து பாராசூட்டை மேலே இழுத்துச் செல்லும். குதிக்கக் கற்ற பள்ளியின் பழைய பாராசூட்டில் அடுத்த நொடியே யாரோ சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியதுபோல் உடம்பு உலுக்கிப்போகும். இதில் அப்படி இல்லை. நிமிர்ந்து பார்த்தால் துணி இன்னும் ஒரு மூட்டையாகவே படபடத்துக்கொண்டிருக்கும், ஸ்லைடர் மேலேயே நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் நடு அறைகளில் காற்று ஏறி, ஓர அறைகள் ஒவ்வொன்றாகப் புடைத்து, அதன் பிறகுதான் ஸ்லைடர் தயங்கித் தயங்கி இறங்கிவரும். குப்புற விழுந்துகொண்டிருந்த உடம்பு ஊஞ்சலில் உட்காரவைத்ததுபோல் நிமிரும். அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சல் ஓய்ந்து, தொலைவில் இன்னொரு குடையின்கீழ் இருக்கும் நண்பர் உற்சாகத்தில் கூவுவது தெளிவாகக் கேட்கும். 160 முறை கேட்டும் எனக்கு அது பழகிப்போகவில்லை.

தரையிறங்குவதும் அப்படித்தான். கடைசி நேரத்தில் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து இழுத்தால், இறங்கிக்கொண்டிருப்பது அப்படியே நின்று, புல்லுக்கு ஒரு முழம் மேலே சற்றுத் தூரம் மிதந்து செல்கிறது. காற்றே இல்லாத நாட்களில்கூட நான்கைந்து எட்டுகளில் நின்றுவிடுகிறேன். வாடகை ரிக்கில் குதித்த காலத்தில் உட்கார்ந்தும் உருண்டும் இறங்கியவன் நான்.

இத்தனை நல்லதையும் செய்வது அந்தத் துணி. என் கைகளைக் கன்றவைப்பதும் அதுவேதான்.

1960களில் டொமினா ஜால்பர்ட் என்ற கண்டுபிடிப்பாளர் உருவாக்கிய அமைப்பைத்தான் இன்று விளையாட்டுக்காகக் குதிப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தலைக்குமேல் விரிக்கிறோம். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இடையில் குறுக்குத் துணிகள் என்று தைக்கப்பட்ட அறைகளுக்குள் முன்வாய் வழியாகக் காற்று புகுந்து நிறைந்ததும், அந்தத் துணியே விமான இறக்கையின் வடிவத்தைப் பெற்றுவிடுகிறது. உள்ளே போன காற்று துணியின் இழைகள் வழியாகக் கசிந்தால் இறக்கை தளரும். கசியாமல் இருக்கத்தான் நைலானுக்குச் சிலிக்கோன் பூச்சு கொடுக்கிறார்கள். ஆனால் வானத்தில் காற்றை விடாத துணி தரையிலும் விடுவதில்லை. அந்தப் பூச்சினால் வந்த வழுவழுப்போ புதுத் துணியில் விலாங்கு மீனைப் பிடிப்பதுபோல் இருக்கிறது.

மடிப்பதன் முதற்பாதியில் எனக்குச் சிரமம் இல்லை. பிரேக்குகளைப் பூட்டி, பைலட் சூட்டை இழுத்துத் தயார்நிலையில் வைத்து, கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்வாய்களை ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணி, அறைகளுக்கு இடையில் இருக்கும் துணியைக் கொசுவம் எடுப்பதுபோல் எடுத்து, ஸ்லைடரைக் கயிறுகள் தொடங்கும் இடம் வரை ஏற்றி, வால் துணியால் எல்லாவற்றையும் சுற்றிப் போர்த்தும் வரை, நின்றபடி செய்யும் வேலை முழுவதும் மனத்துக்கு இதமானது. தரையில் கிடத்திய கணத்தில்தான் போராட்டம் தொடங்குகிறது. 190 சதுர அடி என்றாலும் மேல் துணியும் கீழ் துணியும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்பது கெஜப் புடவைகள் நான்கின் பரப்பு வரும். குறுக்குத் துணிகள் தனி. அத்தனையும் காற்றோடு உப்பிக்கொண்டு கிடக்கும். அதன்மேல் படுத்து மெல்ல மெல்லக் காற்றை வெளியேற்றி, முழங்காலால் அழுத்திக்கொண்டே இரண்டு மடிப்பாக மடித்து, ஒரு தலையணை உறையைவிடச் சிறியதான உள்பைக்குள் நுழைக்க வேண்டும். இடது மூலையை நுழைத்தால் வலது மூலை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வலதைப் பிடிக்கக் கையை எடுத்தால், அவ்வளவு நேரம் அழுத்தி வெளியேற்றிய காற்று ஒரு மூச்சில் உள்ளே திரும்பும். முதல் மாதத்தில் ஒரு மடிப்புக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஜூலை மாதப் பெரிஸில், நிழலில் உட்கார்ந்தே செய்தாலும், ஒரு மடிப்பு முடிவதற்குள் சட்டை முழுவதும் நனைந்துவிடும். என் பெயர் போட்டிருந்த லோடு, அதாவது குதிப்பவர்களை ஏற்றிச் செல்லும் விமானம், ஓடுபாதையை நோக்கி நகர்ந்ததைப் பாதி மடித்த துணியின்மேல் உட்கார்ந்தபடி பார்த்த நாட்கள் மூன்று.

அதனால் வீட்டுக்கு எடுத்துவந்து பழகினேன். வரவேற்பறையில் மேசையை ஒதுக்கிவிட்டு, வார நாட்களில் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இரண்டு முறை மடிப்பேன். நான் குதிப்பதில் என் மனைவிக்கு இன்றுவரை சம்மதம் இல்லை. குதிக்கும் இடத்துக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனாலும் ஒரு நாள் நான் உள்பையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, எதிரே வந்து உட்கார்ந்து, பையின் வாயை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார். “காசு கொடுத்தா அங்கேயே மடிச்சுக் கொடுக்க ஆள் இருக்காங்கன்னு சொன்னீங்களே, அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?” என்று கேட்டார். பிரதானப் பாராசூட்டை உரிமம் பெற்ற ரிக்கரோ, அவருடைய நேரடி மேற்பார்வையில் இன்னொருவரோ, அல்லது அடுத்ததாக அதில் குதிக்கப்போகிறவரோதான் மடிக்கலாம் என்பது சட்டம். கூலிக்கு மடிப்பவர்கள் கைதேர்ந்தவர்கள், அவர்கள் மடித்ததில் நானும் குதித்திருக்கிறேன் என்று சொன்னேன். ஆனால் விமானக் கதவருகே நிற்கும்போது, ஸ்லைடர் எங்கே இருக்கிறது, கயிறுகள் எப்படிச் சுற்றியிருக்கின்றன என்று என் கைகளுக்குத் தெரிந்திருந்தால் நெஞ்சு அமைதியாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் பையின் வாயைப் பிடிக்க அவராகவே வந்து உட்கார்ந்தார்.

துணியின் குணத்தை நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது பையின் அளவு. வாங்கும்போது கடைக்காரர், “இன்னும் நூறு குதிப்பில் 170க்கு இறங்கிவிடுவீர்கள், அதற்கு ஏற்ற பையாக இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள், 190ம் அதில் அடங்கிவிடும்” என்றார். 40 குதிப்புகூட முடிக்காத எனக்கு எதிர்த்துக் கேட்கத் தெரியவில்லை. அடங்கத்தான் செய்கிறது, ஆனால் புதுத் துணி அடங்கும் விதம் வேறு. மூடும் கயிற்றுக் கண்ணியை நான்கு மடல்கள் வழியாகவும் இழுத்துக் கொண்டுவந்து, முழங்காலைப் பைமேல் ஊன்றி, முழு பலத்தையும் கொடுத்தால்தான் ஊசியைச் செருக முடிகிறது. பதினைந்து மாதங்களில் அந்தக் கண்ணி நைந்து ஐந்து முறை மாற்றியிருக்கிறேன். புதிதாகக் குதிப்பவரிடம் சிறிய பாராசூட்டைப் பற்றிய ஆசையை விதைத்து, அந்த ஆசைக்கு ஏற்ற பையை விற்பது தவறு என்றே நான் நினைக்கிறேன். 198 குதிப்புகளுக்குப் பிறகும் நான் 170க்கு இறங்கவில்லை. இந்த ஆண்டு இறங்கும் எண்ணமும் இல்லை.

கோபத்தில் ஒன்றை மறைத்துவிடக் கூடாது. 61ஆவது குதிப்பில் இதே பாராசூட் என்னை மிகக் கடுமையாக உலுக்கித் திறந்தது. கண் இருண்டு, கழுத்து நரம்பு பிடித்துக்கொண்டது. பிரதானப் பாராசூட்டைக் கழற்றிவிடும் சிவப்புப் பிடியை நோக்கிக் கை போய்விட்டது. குடை முழுமையாக விரிந்து நேராகப் பறப்பதைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தேன். இரண்டு நாட்கள் தலையைத் திருப்ப முடியவில்லை. துணியைத்தான் திட்டினேன். ரிக்கரிடம் காட்டியபோது அவர் என்னையே ஒருமுறை மடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தார். தோளிலிருந்து தரைக்கு இறக்கும்போது நான் அவசரமாக இறக்குவதையும், அந்த ஒரு நொடியில் ஸ்லைடர் தன் இடத்திலிருந்து நான்கு விரற்கடை நழுவிவிடுவதையும் விரலால் தொட்டுக் காட்டினார். ஸ்லைடர் கீழே நழுவியிருந்தால் துணி விரிவதைத் தாமதப்படுத்த எதுவும் இருக்காது. அன்றிலிருந்து இடது கையால் ஸ்லைடரை இறுகப் பிடித்தபடியே மெதுவாக இறக்குகிறேன். அப்படி ஒரு திறப்பு மறுபடி வரவில்லை. வழுக்கும் துணிதான் நழுவவிட்டது என்று வாதாடலாம். ஆனால் அது வழுக்கும் என்று தெரிந்த பிறகு பிடித்துக்கொள்ள வேண்டியது என் கை.

நூறு மடிப்புகளுக்குப் பிறகு துணியில் ஒரு மாற்றம் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் நாட்களில் சரசரவென்று இருந்தது, இப்போது துவைத்துப் பழகிய வேட்டியைப்போல் கொஞ்சம் துவண்டு, அழுத்திய இடத்தில் தங்குகிறது. இப்போதெல்லாம் பதினைந்து நிமிடங்களில் மடித்துவிடுகிறேன். என் நண்பருக்கு நான் சொல்வதும் இந்த மாற்றத்தை வைத்துத்தான். விலை குறைந்திருக்கிறதே என்று புதியதை வாங்க வேண்டாம். இதே வகை, இதே அளவு, வேறொருவர் முந்நூறு முறை மடித்து அடக்கிவைத்தது கிடைத்தால், ரிக்கரிடம் காட்டித் துணியையும் கயிறுகளையும் சோதிக்கச் சொல்லிவிட்டு அதை வாங்கட்டும். இன்றைக்குக் குதிக்கும் அளவுக்கு உரிய பையை வாங்கட்டும். அடுத்த ஆண்டின் பாராசூட்டுக்கான பையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். பிறகு பேசியபோது இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்படின்னா உங்களோடதை எனக்கே கொடுத்துடுங்களேன், அண்ணா” என்றார். கொடுக்க மாட்டேன் என்றேன். எவ்வளவு கொடுத்தாலும் கொடுப்பதாக இல்லை.

வேண்டுமானால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரிஸுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பாய் விரித்து என் பாராசூட்டை அவர் கையில் கொடுப்பேன். ஒரு முறை முழுதாக மடித்துப் பார்க்கட்டும். அவர் மடித்ததில் நான் குதிக்கச் சட்டம் இடம் தராது என்பதால், பிறகு அதைப் பிரித்து உதறி, நானே முதலிலிருந்து மடித்துக்கொண்டுதான் லோடில் ஏற வேண்டும். அதற்கு நேரம் வேண்டுமென்று இரண்டாவது லோடில் பெயர் கொடுத்திருக்கிறேன்.