கிளட்ச் மாத்தின அன்னைக்கே வந்த உதறல்: மதுரையில ரெண்டு ஷெட்டு அனுபவம்

மதுரையில 14 வருஷமா டாக்ஸி ஓட்டுறேன். இப்ப கையில இருக்கிறது 2016 மாருதி டிசையர் டூர், டீசல். 2 லட்சத்து 38 ஆயிரம் கிலோமீட்டர் ஓடின வண்டி. 2020 ஏப்ரலோட மாருதி டீசல் காரே போடுறதில்ல. அதனால இந்த வண்டிய எத்தனை வருஷம் காப்பாத்த முடியுமோ அத்தனை வருஷம் காப்பாத்தணும்னு இருக்கேன். இதுல புதுசா ஒரு சத்தம் கேட்டாக்கூட எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

ஆடி மாசம் கொடைக்கானல் ஏறுறப்ப கிளட்ச் ஸ்லிப் ஆக ஆரம்பிச்சது. ஆக்சிலேட்டர் மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி ஏறல. மறுநாள் வழக்கமா போற ஷெட்டுல விட்டேன். கியர் பாக்ஸ இறக்கி கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் மாத்தினாங்க. கூலியோட 11,800 ரூபாய். ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிக் கொடுத்ததுதான் பில்லு. கிளட்ச் பூ மாதிரி இருந்துச்சு, அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனா அன்னைக்கு சாயங்காலமே சிக்னல்ல நிக்கிறப்ப ஸ்டீயரிங் கையில குறுகுறுன்னு அதிர்ந்துச்சு. ஏசி போட்டா இன்னும் கூடுது. டேஷ்போர்டு மேல வச்சிருந்த அரை லிட்டர் தண்ணி பாட்டில்ல தண்ணி முழுக்க வட்டம் வட்டமா நடுங்குது. மறுநாள் ராமேஸ்வரத்துக்கு ஒரு குடும்பம், திதி கொடுக்கப் போறாங்க. ரயில்வே கேட்ல நிக்கிறப்ப பின் சீட்டுல இருந்த வயசான அம்மா, "என்ன தம்பி, பாதமெல்லாம் குறுகுறுங்குது, எனக்கு சுகர் ஏறிடுச்சான்னு பயந்துட்டேன்"னாங்க. எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு கண்ணாடிய இறக்கி விட்டேன்.

ஷெட்டுக்குப் போன் பண்ணினா, "வண்டி பழசாச்சுண்ணே, டீசல் வண்டின்னா அப்படித்தான் இருக்கும்"னார் ஷெட்காரர். நேர்ல போனேன். ஒரு ரேஸ் கொடுத்துப் பார்த்துட்டு, வீல் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் பண்ணச் சொன்னார். 700 ரூபாய் செலவு பண்ணிப் பார்த்தேன், ஒரு மாத்தமும் இல்ல. இப்ப யோசிச்சா, அங்கயே எனக்கு உறைச்சிருக்கணும். வீலு கோளாறுன்னா வண்டி ஓடுறப்பத்தான் தெரியும், அதுவும் 80, 90 வேகத்துல. நின்னுட்டு இருக்கிற வண்டி உதறுறதுக்கு வீலு என்ன பண்ணும்? மூணாவது நாள், "அப்ப இன்ஜெக்டர்தாண்ணே, நாலையும் பார்க்கணும், 24 ஆயிரம் ஆகும்"னார். இன்ஜெக்டர்ங்கிறது சிலிண்டருக்குள்ள டீசலைப் பீய்ச்சுற பாகம். கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

ஸ்டாண்டுல ஒரு அண்ணன் சொல்லி, ஒத்தக்கடை பக்கம் இன்னொரு ஷெட்டுக்குப் போனேன். அங்க நடந்ததைத்தான் விவரமா எழுதணும்னு நினைச்சேன்.

அறுபது வயசிருக்கும் அந்த மெக்கானிக்குக்கு. பானட்டைத் திறக்கவே இல்ல. முதல்ல கேட்டது, "கடைசியா வண்டியில எங்க கை வச்சாங்க?" கிளட்ச்னு சொன்னதும் தலையாட்டிட்டு டிரைவர் சீட்ல உட்கார்ந்தார். கண்ணாடிய ஏத்திட்டு ஒரு கை ஸ்டீயரிங், ஒரு கை கியர் லிவர் மேல வச்சு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். கிளட்சை மிதிச்சார், விட்டார். அதிர்வுல மாத்தமில்ல. "கியர் பாக்ஸ் உள்ள ஒன்னுமில்ல"ன்னார். இன்ஜினை 1,500 ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு 1,500 சுத்து) ஏத்தினார், உதறல் அப்படியே காணாமப் போச்சு. இறக்கினார், திரும்ப வந்துச்சு. அப்புறம் இறங்கிப் போய் சைலன்சர் வாய்க்குக் கொஞ்சம் தள்ளி உள்ளங்கைய நீட்டினார். என்னையும் வைக்கச் சொன்னார். "புஸ் புஸ்னு ஒரே சீரா அடிக்குதா? ஒரு இன்ஜெக்டர் விட்டுப் போனா நடுவுல ஒரு அடி இல்லாம ஓட்டை விழும் தம்பி." சீராத்தான் இருந்துச்சு. அதோட விடாம ஸ்கேனரையும் மாட்டி நாலு சிலிண்டருக்கும் டீசல் திருத்தம், அதாவது சீரா ஓட டீசலைக் கூட்டிக் குறைக்கிறது, எவ்வளவு போகுதுன்னு காட்டினார். நாலும் கிட்டத்தட்ட ஒன்னுபோல.

"இன்ஜின் நல்லாத்தான் ஓடுது. அது ஆடுற ஆட்டம் பாடிக்குப் போகுது, அவ்வளவுதான்"னார். நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வெடிக்கும். 850 ஆர்பிஎம்ல நின்னா வினாடிக்கு சுமார் 28 இடி. அந்த இடியைத் தாங்கிக்கத்தான் மவுண்டிங்னு ரப்பர் வச்சிருக்காங்க. இந்த வண்டிக்கு வலது பக்கம் இன்ஜின்ல ஒன்னு, இடது பக்கம் கியர் பாக்ஸ்ல ஒன்னு, பின்னாடி கீழ ஒன்னு.

அப்பத்தான் பானட்டைத் திறந்தார். ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கையும் மிதிச்சுக்கிட்டு, ஃபர்ஸ்ட்லயும் ரிவர்ஸ்லயும் கிளட்சை லேசா விடச் சொன்னார். வண்டிக்கு முன்னாடி ஒருத்தரையும் நிக்க விடல, பையனை ஓரமா நின்னு பார்க்க வச்சார். இன்ஜின் வலது பக்கம் துள்ளி எழுந்து உட்காருது. ஜாக்கி மேல மரக்கட்டை வச்சு ஆயில் பேனுக்குக் கீழ தாங்கிட்டு, வலது மவுண்டிங்கைக் கழட்டினார். ரப்பர்ல நகம் நுழையுற அளவுக்குக் கிழிசல். உள்ள இருந்த எண்ணெய் கறுப்பா வெளிய வடிஞ்சு மண்ணு அப்பியிருந்துச்சு. நிக்கிறப்ப வர்ற ஐடிலிங் உதறலை அமுக்குறதே அந்த எண்ணெய்தானாம்.

காரணத்தையும் சொன்னார். கியர் பாக்ஸ இறக்குறப்ப இடது மவுண்டிங்கும் பின் மவுண்டிங்கும் கழண்டுடும். இன்ஜினோட மொத்தக் கனமும் வலது மவுண்டிங் ஒன்னுல தொங்கும். கீழ கட்டையோ ஜாக்கியோ கொடுக்காம விட்டா அந்த ரப்பர் கிழியத்தான் செய்யும். இடது பக்கத்தையும் காட்டினார். ரப்பர் முறுக்கிக்கிட்டு ஒரு பக்கம் ஒட்டிக்கிடக்கு, மறுபக்கம் விரல் போகுது. ஒரு மவுண்டிங்கை முழுசா இறுக்கிட்டு அடுத்ததை நெம்பி மாட்டினா இப்படித்தான் ஆகுமாம். அவர் புது வலது மவுண்டிங்கைப் போட்டு, எல்லா போல்ட்டையும் லூசா விட்டு, ஜாக்கிய இறக்கி, இன்ஜினை ரெண்டு கையால முன்னும் பின்னும் ஆட்டினார். "டக்"னு ஒரு சத்தம், அது தன் இடத்துல உட்கார்ந்துச்சு. அப்புறம்தான் ஒவ்வொன்னா, சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குற டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கினார். ஸ்டார்ட் பண்ணினதும் நான் பாட்டிலைத்தான் பார்த்தேன். தண்ணி அசையல.

மவுண்டிங் 2,150, கூலி 600. கழட்டின மவுண்டிங்கைக் கேட்காமலேயே கவர்ல போட்டுக் கொடுத்தார். பில்லுல பார்ட் நம்பர் வரைக்கும் எழுதியிருந்துச்சு.

அந்தக் கவரையும் போன்ல எடுத்திருந்த பாட்டில் வீடியோவையும் எடுத்துக்கிட்டு பழைய ஷெட்டுக்குப் போனேன். வேற கஸ்டமர் இல்லாத நேரமாப் பார்த்து மதியம் போனேன். நாலு பேர் முன்னாடி கேட்டா எந்த மனுஷனும் ஒத்துக்க மாட்டான். சத்தம் போடல. "தம்பி, கியர் பாக்ஸ இறக்குறப்ப இன்ஜினுக்கு அடியில தாங்கல் கொடுத்தீங்களா?"ன்னு மட்டும் கேட்டேன். அவர் மவுண்டிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதில் சொன்னது வேலை செஞ்ச பையன்: "ஜாக்கி ஒன்னுதாண்ணே இருந்துச்சு, அதை கியர் பாக்ஸுக்கு வச்சுட்டோம்." அவர் பையனைத் திட்டல, அது எனக்குப் பிடிச்சது. மவுண்டிங் காசு 2,150-ஐ எண்ணிக் கொடுத்தார். கூலியும் அலைன்மென்ட் காசும் கொடுக்கல, நானும் கேட்கல.

கொடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடலாம், நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணினா வழி சொல்வாங்க. ஆனா என்கிட்ட இருந்தது கையெழுத்தில்லாத வெள்ளைத் தாளு. இப்பல்லாம் பில்லு இல்லாம சாவியே வாங்குறதில்ல.

அந்த ஷெட் பேரை நான் எழுதல. அவர் போட்ட கிளட்ச் 16 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் நல்லா இருக்கு, தப்பையும் கடைசியில ஒத்துக்கிட்டார். ஆனா 2,750 ரூபாய் வேலைக்கு 24 ஆயிரம் சொன்னதையும், நான் ஓட்டம் போகாம அலைஞ்ச மூணு நாளையும் என்னால மறக்க முடியல. இனி அங்க கிளட்ச், பிரேக் வேலைக்குப் போவேன், இன்ஜின் வேலைக்குப் போக மாட்டேன். ஒத்தக்கடை பெரியவரும் பேரு போட வேண்டாம்னுட்டார், இருக்கிற வேலைக்கே ஆள் பத்தலையாம். ஸ்டாண்டுல கேட்டா யாரும் வழி காட்டுவாங்க. காலையில 9 மணிக்குள்ள போனா வண்டிய உடனே பார்ப்பார், மதியத்துக்கு மேல போனா மறுநாள்தான். ஏசி வேலை அங்க கிடையாது.