மாறுதலாகும் ஐயரா, மாறாத பாஸ்டரா?

மே மாதம் வந்தால் திருநெல்வேலிப் பக்கத்துச் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில், ஒரே பேச்சுதான்: "நம்ம ஐயருக்கு மாறுதலாமே?" (குருவானவரை எங்கள் பக்கம் இன்னும் அப்படித்தான் அழைப்பார்கள்.) எந்தப் பெரிய திருச்சபையையும் சேராத சுயாதீன சபைகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சபையை ஆரம்பித்தவர் பாஸ்டர். உயிரோடு இருக்கும்வரை அவர்தான்.

ஒரே இடத்தில் வேரூன்றுவதன் பலனுக்கு இடையன்குடியைப் பார்க்கலாம். மிஷனரி கால்டுவெல் 1841இல் அங்கே வந்தார். 1847இல் தொடங்கிய ஆலய வேலை 1880இல்தான் முடிந்தது, 33 வருஷம். மூன்று வருஷத்துக்கு ஒருவர் மாறியிருந்தால் பதினோரு ஐயர்மார் வந்து போயிருப்பார்கள், ஆளுக்கொரு வரைபடத்தோடு.

சபையாரை அறிவதிலும் அப்படித்தான். தான் ஞானஸ்நானம் கொடுத்த பையனுக்கே தாலி எடுத்துக் கொடுக்கும் பாஸ்டருக்கு, அண்ணனும் தம்பியும் ஏன் ஒரே வரிசையில் உட்காருவதில்லை என்பது தெரியும். புதிய ஐயருக்கு அது பிடிபட ஒரு வருஷமாவது ஆகும். ஒருமுறை புதிதாக வந்தவர், முதல் ஞாயிறே நோயாளிகள் பட்டியலை எடுத்து ஒரு தாத்தாவின் சுகத்துக்காக ஜெபித்தார். தாத்தாவை அடக்கம் செய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பாட்டி முன்வரிசையில்தான் இருந்தார்.

சரி, அப்படியானால் மாறாத பாஸ்டரே மேலா? பணமும் சாவியும் வரும்போது தராசு சாய்ந்துவிடுகிறது. மாறுதல் வந்தால் சாவிக்கொத்து, பதிவேடு, காணிக்கைக் கணக்கு எல்லாம் மேசைக்கு வந்தாக வேண்டும். அதுவே பாதித் தணிக்கை. மாறாத இடத்தில் சபை நிலம் பாஸ்டர் பெயரிலேயே பத்திரமாகி, மகன் கைக்கு மைக் போகும்வரை யாரும் கணக்குக் கேட்பதில்லை. கேட்டவர் வேறு சபைக்குப் போயிருப்பார்.

ஆனால் மாறுதல் முறையிலும் ராஜா இல்லாமல் இல்லை. பீடத்திலிருந்து கமிட்டிக்கு இடம் மாறுகிறார், அவ்வளவுதான். இருபது வருஷப் பொருளாளர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வருஷம் இருந்தால் போதும், ஐயர் போய்விடுவார். ஐயரை மாற்றும் சபை பொருளாளரையும் மாற்ற வேண்டாமா?

என் ஓட்டு மாறுதலுக்குத்தான், ஐந்து வருஷமாவது கொடுத்தால். பைபிளில் வரும் அப்போஸ்தலர் பவுலே கொரிந்துவில் ஒன்றரை வருஷம், எபேசுவில் மூன்று வருஷம் இருந்துவிட்டுக் கிளம்பினார். ஆனால் எபேசுவில் அவர் விட்டுப்போன மூப்பர்கள் (சபைப் பெரியவர்கள்) இருந்தார்கள். போகிற ஐயர் பதிவேட்டை மட்டும் கொடுக்காமல், வருகிறவரை இரண்டு சாயங்காலம் நோயாளிகள் வீட்டுக்குக் கூட்டிப் போகட்டும்.

மாறாத பாஸ்டர் முதலில் நிலத்தை டிரஸ்ட் பெயருக்கு மாற்றட்டும். அப்புறம் வருஷத்தில் ஒரு மாதம் போனை அணைத்துவிட்டு வெளியூர் போகட்டும். அந்த மாதம் காணிக்கைப் பெட்டியை யார் திறந்தார்கள், யாரைக் கேட்டுத் திறந்தார்கள் என்று திரும்பி வந்து விசாரித்தால், சபையில் அடுத்த ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.