நிஸ்ட் 800-53-ஆ, ஐஎஸ்ஓ 27001-ஆ? உளவுத்துறைகள் போன வழியில் நாங்களும் போனோம்

நாகர்கோவிலில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெளிநாட்டு கிளையண்டுகள் கூடக்கூட ஆளாளுக்கு ஒரு பாதுகாப்புக் கேள்வித்தாளை அனுப்ப ஆரம்பித்தார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே விஷயம்தான், கேட்கிற விதம்தான் வேறு. ஏதாவது ஒரு தரநிலையைப் பிடித்துக்கொள்ளாமல் தப்பிக்க வழியில்லை என்று ஆனபோது தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 27001, அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் போட்ட 800-53 இரண்டையும் எடுத்துப் பார்த்தோம். கடைசியில் நிஸ்ட் பக்கம் சாய்ந்தோம்.

தெரிந்த விஷயங்களை வேகமாக முடித்துவிடுகிறேன். ஐஎஸ்ஓவில் ஆவணத்துக்கே காசு, ஆடிட்டுக்குத் தனிக் காசு. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும், நடுவில் வருடாவருடம் ஒரு சோதனை உண்டு. 2022 பதிப்பின் பின்னிணைப்பில் 93 கட்டுப்பாடுகள், அதாவது பாதுகாப்புக்காகச் செய்ய வேண்டிய விஷயங்கள். நிஸ்ட் இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் உட்பிரிவுகளையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும், பார்த்ததும் தலை சுற்றும். சின்ன இடங்களுக்கு, ஆபத்து குறைந்த அமைப்புகளுக்கென்று அதில் இருக்கிற கீழ்நிலைப் பட்டியல் போதும், அது சுமார் 150. சான்றிதழ் என்று எதுவும் கிடையாது. இதைச் சொன்னதும் எங்கள் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "அப்போ செவத்துல மாட்டுகதுக்கு ஒண்ணும் இல்லியா?"

எங்களுக்கு முடிவு செய்து கொடுத்தது ஆதாரப் பராமரிப்பு, அதாவது விதிப்படி நடக்கிறோம் என்பதற்கான சான்றுகளைச் சேர்த்து வைப்பது. ஒரு தடவை நிரூபித்ததை எத்தனை பேரிடம் காட்ட முடியும் என்பதுதான் கேள்வி.

இதே தொல்லை அமெரிக்க உளவுத்துறைகளுக்கும் இருந்தது. சிவில் துறைகளுக்கு நிஸ்ட், ராணுவத்துக்குத் தனி விதி, உளவு அமைப்புகளுக்கு டிசிஐடி 6/3 என்று இன்னொன்று. ஒரே கணினி அமைப்பை மூன்று பக்கமும் பயன்படுத்த வேண்டுமானால் மூன்று விதமாக நிரூபிக்க வேண்டும். 2008 செப்டம்பரில் ஐசிடி 503 என்ற உளவுத்துறை உத்தரவு வந்து அந்தப் பழைய உளவுத்துறை விதியை எடுத்துவிட்டது. 2009 ஆகஸ்டில் நிஸ்ட், பாதுகாப்புத் துறை, தேசிய உளவு இயக்குநர் அலுவலகம் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து 800-53-இன் மூன்றாம் திருத்தத்தைப் போட்டார்கள். ஒரு துறை சோதித்துச் சரி என்றதை மற்றது ஏற்க வேண்டும் என்பது நோக்கம். காகிதத்தில் இருக்கிற அளவுக்கு நடப்பில் இல்லை என்ற முனகல் அங்கே இன்றும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது அவர்கள் ஒத்துப்போன விதம். கட்டுப்பாட்டின் வாசகம் எல்லாருக்கும் ஒன்று. ஆனால் அதற்குள் அங்கங்கே காலி இடம் விட்டிருக்கிறார்கள், அதை அவரவர் நிரப்பிக்கொள்ளலாம். உதாரணத்துக்கு ஏயு-11 என்ற கட்டுப்பாடு: லாக்குகளை, அதாவது சர்வரில் நடந்ததன் பதிவுகளை, இவ்வளவு காலம் வைத்திரு என்கிறது, "இவ்வளவு" என்பது காலி இடம். நம் ஊரில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 180 நாள் வைக்க வேண்டும். ஒரு கிளையண்ட் ஒரு வருடம் கேட்கிறார். பெரியதை எழுதி வைத்துவிட்டால் இரண்டு பேருக்கும் அதே ஒரு வரி, அதே ஒரு ஸ்கிரீன்ஷாட். ஐஎஸ்ஓவில் இதே விஷயத்துக்கான 8.15-ஐப் பார்த்தால் லாக் எடு, சேமி, பாதுகா, அலசு என்று நிறுத்திக்கொள்கிறது. எத்தனை நாள் என்பதை நாமே தனிக் கொள்கை எழுதி, ஏன் அந்தக் கணக்கு என்று ஆடிட்டருக்கு விளக்கவும் வேண்டும். பெரிய கம்பெனிக்கு அது சுதந்திரமாக இருக்கலாம். ஆள் இல்லாத இடத்தில் அது கூடுதல் வேலை.

நிஸ்டில் இன்னொன்று சிபி-6, மாற்று இடத்தில் பேக்கப் வைப்பது. கீழ்நிலைப் பட்டியலில் அது இல்லை, நடுநிலையில்தான் வருகிறது. ஆனாலும் எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் கிடையாது. அதன் முதல் உட்பிரிவு, இரண்டு இடமும் ஒரே ஆபத்தில் சிக்காத தூரத்தில் இருக்கட்டும் என்கிறது. நாகர்கோவில் சர்வருக்குத் தக்கலையில் பேக்கப் வைத்தால் ஒரே புயலில் ரெண்டும் போகும். கோயம்புத்தூரில் வைத்தோம்.

ஐஎஸ்ஓவைக் குறைத்துச் சொல்லவில்லை. டெண்டரில் சான்றிதழ் என்று ஒரு வரி இருந்தால் நிஸ்ட் கட்டுப்பாடுகளை நாங்களே நிரப்பி வைத்த எக்செல்லைக் காட்டி ஒன்றும் நடக்காது. ஐரோப்பிய கிளையண்டுகள் பலரும் ஐஎஸ்ஓ சான்றிதழைத்தான் முதலில் கேட்கிறார்கள். முழு மூன்று வருட ஆடிட் சுற்று ஒன்றில் நான் உட்கார்ந்ததில்லை, ஆகவே அதன் அலுப்பையும் அருமையையும் பார்த்தவர்கள் சொல்வதுதான் சரி. 800-53-இன் எந்தக் கட்டுப்பாடு ஐஎஸ்ஓவின் எதற்குப் பொருந்தும் என்று நிஸ்டே ஒரு அட்டவணை போட்டிருக்கிறது. அந்த எண்களை எக்செல்லில் பக்கத்துப் பத்தியில் இப்போதே நிரப்பிக்கொண்டு வருகிறேன், முதலாளி செவத்தை இன்னும் மறக்கவில்லை.