சாப்பல் ரோன்: தொண்டையிலேயே வேஷம் கட்டுகிற பாடகி

காரைக்குடியில் மைக் செட் வைத்திருக்கிறேன். மாசி, பங்குனி பிறந்துவிட்டால் முத்துமாரியம்மன் கோவில் திருவிழாவில் தொடங்கி சுற்றுவட்ட ஊரெல்லாம் நாடகம்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பிக்கும் வள்ளி திருமணம் விடிகிறவரை போகும். மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்து அதையே கேட்டுக் கேட்டு, ஒருவர் பாட்டை மட்டும் பாடுகிறாரா, பாத்திரத்தையும் சேர்த்துப் பாடுகிறாரா என்று முதல் இரண்டு வரியிலேயே காது சொல்லிவிடும். பெங்களூரில் வேலை பார்க்கிற அண்ணன் மகள் பொங்கலுக்கு வந்தபோது, "சித்தப்பா, இந்தப் பொண்ணு உங்க நாடகக்காரங்க மாதிரியே பாடும், கேட்டுப் பாருங்க" என்று போனை ஸ்பீக்கரில் மாட்டினாள். அதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது.

சாப்பல் ரோன் மேடைப் பெயர். இயற்பெயர் கெய்லி ரோஸ் ஆம்ஸ்டட்ஸ். 1998இல் பிறந்தவர், அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் வில்லார்ட் என்ற சின்ன ஊர். தாத்தாவின் குடும்பப் பெயரையும் அவருக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டின் பெயரில் பாதியையும் சேர்த்து இந்தப் பெயரை வைத்துக்கொண்டார். பள்ளிக்கூட வயதிலேயே ஒரு பெரிய இசைக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது, 2020இல் கழற்றியும் விட்டது. ஊருக்கே திரும்பிப்போய்க் கடையில் வேலை பார்த்தார். அப்புறம் டேன் நைக்ரோ என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து பாட்டுப் பாட்டாக உருவாக்கி, 2023 செப்டம்பரில் 14 பாட்டுகளோடு முதல் ஆல்பத்தை வெளியிட்டார்: 'தி ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் எ மிட்வெஸ்ட் பிரின்சஸ்'. உலகம் திரும்பிப் பார்த்தது 2024 ஏப்ரலில் வந்த 'குட் லக், பேப்!' பாட்டுக்கு.

அந்த ஒரு பாட்டைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்கலாம். ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் காதலிக்கிறாள். அவளோ அப்படி ஒன்றும் இல்லை என்று மறுத்துவிட்டு, ஆண்களிடம் போகிறாள். சரி, போய் வா, ஆனால் உன் மனசை உன்னால் மாற்ற முடியாது என்கிறாள் இவள். சங்கதி அவ்வளவுதான். அதை ரோன் மூன்று குரலில் பாடுகிறார். தொடக்கத்தில் கீழ் ஸ்தாயியில் பேச்சுப் போல, அக்கறையே இல்லாத தொனியில் வருகிறது. பல்லவி வந்ததும் குரல் சட்டென்று பொய்க்குரலுக்கு, அதாவது இயல்பான குரலை விட்டு மெலிந்து மேலே போகிற குரலுக்கு, தாவுகிறது. அந்தத் தாவலில் ஒரு சின்ன உடைசல் கேட்கிறது பாருங்கள், அதை அவர் மறைக்கவில்லை. அக்கறை இல்லை என்று வாய் சொன்னது பொய் என்று அந்த உடைசல் காட்டிக்கொடுக்கிறது. அப்புறம் பாட்டின் நடுவில், பல வருஷம் கழித்து ஒரு நடுராத்திரி கணவன் பக்கத்தில் கண் விழிக்கும்போது உனக்குப் புரியும் என்று சொல்கிற இடம். அங்கே பொய்க்குரலே கிடையாது. அடிவயிற்றிலிருந்து முழுக்குரல் எழும்பி, கோபமும் அழுகையுமாக உச்சத்தில் போய் நிற்கிறது. கடைசியில் பேட்டரி தீர்ந்த டேப் ரெக்கார்டரில் கேட்பதுபோலப் பாட்டு இழுத்து, சுருதி இறங்கி அடங்கிவிடுகிறது. வள்ளியாக வருகிறவர் தினைப்புனத்தில் ஆலோலம் பாடும்போது ஒரு குரல், வேடனிடம் தர்க்கம் பண்ணும்போது ஒரு குரல், உள்ளுக்குள் மனசு இளகும்போது இன்னொரு குரல் என்று வைத்திருப்பார். பெண் பாத்திரம் ஏற்கிற நல்ல ஸ்திரீபார்ட் கலைஞருக்கு இது கைவந்த வேலை. நாலு நிமிஷத்துக்குள் அடங்குகிற பாப் பாட்டில் அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஸ்டுடியோவில் எதையும் ஒட்டிச் சரிபண்ணலாமே என்று கேட்பீர்கள். நானும் தொழில்காரன், அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. அதற்குத்தான் 2024இல் என்.பி.ஆர். என்ற அமெரிக்க வானொலியின் 'டைனி டெஸ்க்' நிகழ்ச்சியில் அவர் பாடியதைப் பார்க்கச் சொல்கிறேன். ஓர் அலுவலக மேஜைக்குப் பின்னால் நடக்கிற கச்சேரி அது. எதிரே இருக்கிற மைக் பதிவுக்கு மட்டும். பாடுகிறவர் குரலை அந்த அறையில் எந்த ஸ்பீக்கரும் பெருக்கிக் கொடுக்காது, பாடுகிறவர் தன் குரலைக் கேட்டுக்கொள்ள வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கரும் கிடையாது. வாத்தியக்காரர்கள்தான் குரலுக்குக் கீழே அடக்கி வாசிக்கவேண்டும். மைக் வருவதற்கு முன்னால் நம் நாடக மேடையில் பாடினார்களே, கிட்டத்தட்ட அந்த நிலைமை. ரோன் அங்கே 'கேஷுவல்' என்ற தன் பாட்டைப் பாடுகிறார். மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி ஆரம்பித்து, கடைசியில் கத்தலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார். அந்த உயரத்திலும் சுருதி விலகவில்லை, வார்த்தை மழுங்கவில்லை. எக்கோ கூட்டச் சொல்லி ஜாடை காட்டியே ஒப்பேற்றுகிறவர்கள் பலரைப் பார்த்தவன் நான். இந்தக் குரலுக்கு அது தேவையே இல்லை.

வேஷத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பெண் வேஷம் கட்டி ஆடுகிற டிராக் கலைஞர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் தன் மேடை அலங்காரம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். சுற்றுப்பயணத்தில் போகிற ஊர்களில் அந்தந்த ஊர் டிராக் கலைஞர்களுக்கே முதலில் மேடை கொடுத்தார். 2024 ஜூனில் நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலை மாதிரி உடம்பெல்லாம் பச்சை பூசி வந்து பாடினார். நம் ஊர் ஆட்களுக்கு இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. ஆண்கள் ஸ்திரீபார்ட் கட்டிய மேடை நம்முடையது. கே.பி. சுந்தராம்பாள் 1935இல் படத்தில் நந்தனாராகவே நடித்தார், அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். அரிதாரம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவுக்குக் குரல் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் வேஷம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். ரோனிடம் அது துருத்தவில்லை.

குறை இல்லாமல் இல்லை. 'ஹாட் டு கோ!' கூட்டத்தைக் கையைத் தூக்கி ஆடவைக்கிற பாட்டு, அதற்குமேல் எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆல்பத்தில் சில இடங்களில் சிந்தசைசரையும் கோரஸையும் அடுக்கி அடுக்கிக் குரலை மூடிவிடுகிறார்கள். இவ்வளவு நல்ல தொண்டையை வைத்துக்கொண்டு ஏன் என்று ஆதங்கமாக இருக்கிறது. வெறும் பியானோவை நம்பிப் பாடிய 'கலைடோஸ்கோப்' பாட்டில் அந்தத் தொந்தரவு இல்லை. 2025 ஜூலை கடைசியில் வந்த 'தி சப்வே'யும் நல்ல பாட்டு. பிரிந்துபோனவளின் சாயலை ரயிலில் பார்த்துத் தவிக்கிற பாட்டு அது. முடிவில் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் குரலை இன்னும் கொஞ்சம் திறக்கிறார். நம் பாட்டுக்காரர்கள் ஒரே வரியை எடுத்து விதவிதமாக மாற்றிப் பாடி நிரவல் பண்ணுகிற சுகம் அங்கே கிடைக்கிறது.

2025 பிப்ரவரியில் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி விருதை வாங்கியபோது, வளர்ந்துவரும் கலைஞர்களுக்குப் பிழைக்கிற அளவு சம்பளமும் மருத்துவக் காப்பீடும் கம்பெனிகள் கொடுக்கவேண்டும் என்று அந்த மேடையிலேயே கேட்டார். கையில் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு வாசித்தார். ஐப்பசி, கார்த்திகையில் மேடையே இல்லாமல், ஊசி மருந்துக்குக் கடன் வாங்குகிற ஆர்மோனியக்காரரைத் தெரிந்தவன் என்பதால் அந்தப் பேச்சு எனக்குப் பாட்டைவிடப் பெரிதாகப் பட்டது.

கேட்கிறவர்களுக்கு: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், நான் சொன்ன அந்த உடைசல் அதில் காணாமல் போய்விடும். இருநூறு ரூபாய் ஹெட்போன் போதும். முதலில் டைனி டெஸ்க், அப்புறம் 'குட் லக், பேப்!', அப்புறம் 'பிங்க் போனி கிளப்'. ஊரை விட்டுப்போய் மேடையில் ஆடுகிற மகளையும் அதை அறிந்து பதறுகிற அம்மாவையும் பற்றிய பாட்டு அது, நம் வீடுகளுக்கு உடனே புரியும். 'கேஷுவல்' பாட்டின் வரிகள் பச்சையாக இருக்கும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது போடவேண்டாம்.