நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை: இரண்டு வருடம் கழித்து

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஓடும் காம்ரேட்ஸ் ஓட்டப்பந்தயம், ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 12 மணி நேரத்துக்கு மேல் ஒரு நொடி பிந்தினாலும் பதக்கம் கிடையாது. 2023இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனை நோக்கி இறங்கும் ஓட்டம். நடந்தால் கேவலம் என்று நினைத்து ஓடியே வந்தேன். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் தொடை இரண்டும் கட்டையாகிவிட்டன. பைன்டவுனில் ஓட்டத்தை விட்டுவிட்டு பஸ் ஏறினேன். சாட்ஸ்வொர்த் வீட்டில் மூன்று நாள் படிக்கட்டைப் பின்பக்கமாகத்தான் இறங்கினேன்.

அப்புறம்தான் இந்த ஓட்டம்-நடை முறைக்கு வந்தேன். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பரப்பியது. களைத்த பிறகு நடக்காமல், களைக்கும் முன்பே நடக்க வேண்டும். அதுவும் முதல் கிலோமீட்டரிலிருந்தே. நாலு நிமிடம் ஓடியதும் கையிலிருக்கும் மலிவுக் கடிகாரம் பீப் அடிக்கும், ஒரு நிமிடம் நடப்பேன்.

முதல் இரண்டு மாதம் வெட்கம் பிடுங்கித் தின்றது. கடற்கரை நடைபாதையில் தெம்பாக ஓடும்போதே பீப் கேட்டு நடந்தால், பின்னால் வந்த தாத்தா ஒருவர் தாண்டிப் போவார். "நடக்கிறதுக்கா காசு கட்டினே, தம்பி?" என்றார் ஆயா. ஆனால் 30 கிலோமீட்டர் ஓடிவிட்டு மத்தியானம் தூங்காமல் கடைக்குப் போக முடிந்தபோது நம்பிக்கை வந்தது.

குறையும் உண்டு. 2024இல் டர்பனிலிருந்து மேலேறும் ஓட்டம். இஞ்சாங்கா ஏற்றத்தின் நடுவில் "ஓடு" என்று பீப் அடித்தால் என்ன செய்வது? கடிகாரத்துக்கு மேடு தெரியாது. அதனால் ஏற்றங்களில் விளக்குக் கம்பத்தைக் கணக்கு வைத்தேன்: இரண்டு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. கடைசிப் பெரிய ஏற்றமான பாலி ஷார்ட்ஸில் அதுவும் இல்லை, சுற்றியிருந்த எல்லோரையும் போல நடைதான். தண்ணீர்ப் பையைப் பல்லால் கிழித்துக் குடிக்கவும், உப்பு தொட்ட உருளைக்கிழங்கைத் தின்னவும் அந்த நடை வசதி. 11 மணி 41 நிமிடத்தில் முடித்தேன். கடைசி ஒரு மணி நேரத்தில் முடிப்பவர்களுக்குத் தரும் விக் கிளாஃபம் பதக்கம். 2025 இறக்கத்தில் 11:22.

இன்னொன்று, கூட்டத்தில் திடீரென்று நடக்காதீர்கள். கையைத் தூக்கி ஓரம் போங்கள். முதல் தடவை நான் வாங்கிய திட்டு மூன்று மொழியில்.

ஜூனில் ஓட்டம் முடிந்தால் புரட்டாசி விரதம் முடியும்வரை ஷூவைத் தொடுவதில்லை. இதையும் முறையின் பகுதியாகவே வைத்திருக்கிறேன். கடிகாரத்தின் வார் அறுந்துவிட்டது, ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். பீப் இன்னும் சரியாகவே அடிக்கிறது.