வயிற்று டயாலிசிஸோடு பல வருடங்கள்: பயன்படுத்துகிறவன் சொல்வது

சிஏபிடி என்று சொல்லும் வயிற்று டயாலிசிஸை வீட்டிலேயே பல வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறேன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட நிலையில் ஹீமோவா (இரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் சுத்தம் செய்யும் டயாலிசிஸ்), வயிற்று டயாலிசிஸா என்று டாக்டர் கேட்க, என்ன பதில் சொல்வது என்று தவிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏற்கெனவே இதில் இருந்து அலுத்துப்போனவர்களும் படிக்கலாம். எனக்கு ஆரம்பத்தில் மருத்துவ விளக்கம் நிறையக் கிடைத்தது. ஆனால் இதோடு தினமும் எழுந்து, வேலைக்குப் போய், தூங்கி எழும் ஒருவரின் அனுபவம் கிடைக்கவே இல்லை.

விஷயம் இதுதான். குடலைச் சுற்றி பெரிட்டோனியம் என்று ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, அதுதான் இங்கே வடிகட்டி. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு மென்மையான சிலிக்கோன் டியூபை நிரந்தரமாக வைத்துவிடுகிறார்கள். அது வழியாக 2 லிட்டர் திரவம் உள்ளே போய் 4 முதல் 6 மணி நேரம் இருக்கும், இரத்தத்தில் உள்ள கழிவும் தேங்கிய நீரும் சவ்வைத் தாண்டி அதில் இறங்கிவிடும், அப்புறம் அதை வடித்துவிட்டுப் புதுத் திரவம் ஏற்ற வேண்டும். எனக்கு நாளுக்கு 4 பை. கரண்ட் வேண்டாம், ஊசி வேண்டாம். புதுப் பை மேலே தொங்கும், காலிப் பை தரையில் கிடக்கும், மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

1976-ல் அமெரிக்காவில் போபோவிச், மான்கிரீஃப் என்ற இருவர் இந்த முறையை முன்வைத்தபோது திரவம் கண்ணாடி பாட்டிலில்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் கழற்றி மாட்டுவதில் கிருமி புகுந்து பலருக்கு அடிக்கடி தொற்று. பிறகு டொரொன்டோவில் பிளாஸ்டிக் பைக்கு மாற்றினார்கள், இத்தாலியில் ஒய் வடிவ இணைப்பு வந்தது. இப்போது நாம் மாட்டியதும் முதலில் குழாய் கழுவப்பட்டு, பழைய திரவம் வடிந்த பிறகுதான் புதுத் திரவம் உள்ளே போகிறது என்றால் அந்த இணைப்புதான் காரணம். பயிற்சியில் நர்ஸ் "இந்த வரிசையை மாத்தவே கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னதன் காரணம் இதைப் படித்த பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. காரணம் புரிந்தால் செய்வது பாரமாகத் தெரிவதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹீமோவில் பெரும்பாலும் வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் போல மெஷினோடு இருக்க வேண்டும். அங்கே இரண்டு மூன்று நாள் தேங்கியதை ஒரே மூச்சில் எடுக்கிறார்கள். இங்கே கழிவு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் உடம்பு ஏறி இறங்கித் தவிப்பதில்லை. கொஞ்சநஞ்சம் சிறுநீர் போகிறவர்களுக்கு அது இன்னும் கொஞ்ச காலம் நீடிக்கவும் இது உதவுகிறது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது தண்ணீரை அளந்து குடிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதனால் தலைவலிக்கோ மூட்டுவலிக்கோ கடையில் கிடைக்கும் வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடவே போடாதீர்கள், மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அது கெடுத்துவிடும். பொட்டாசியக் கட்டுப்பாடும் ஹீமோ நோயாளிகளுக்கு இருக்கும் அளவுக்குப் பலருக்கு இருக்காது, ஏனென்றால் வழக்கமான திரவத்தில் பொட்டாசியமே கிடையாது. சிலருக்கு அது அளவுக்குக் கீழே போவதும் உண்டு. உங்கள் இரத்தப் பரிசோதனை சொல்வதைக் கேளுங்கள், பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்வதை அல்ல.

இனி தினசரி. கதவைச் சாத்த வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும், மாஸ்க் போட்டு, கையை நன்றாகக் கழுவி, காய்ந்த பிறகுதான் டியூபைத் தொட வேண்டும். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே ஒரு காகிதத்தில் "அப்பா பை மாத்தறாங்க, உள்ளே வராதீங்க" என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். நோயை வீட்டில் யாரும் ஒளித்துவைக்காமல் இருந்ததுதான் எனக்குக் கிடைத்த பெரிய உதவி என்று நினைக்கிறேன். அதே நேரம் அட்டைப்பெட்டிகளை ஒரே அறைக்குள் அடக்கிவைத்ததும் முக்கியம். ஒரு மாதத்துக்கு 120 பை போல வரும், விட்டால் கூடம் வரைக்கும் வந்துவிடும். அந்த அறைக்கு வெளியே நான் நோயாளி இல்லை, அப்படித்தான் நாங்கள் வைத்திருக்கிறோம்.

பெரிட்டோனிட்டிஸ், அதாவது அந்தச் சவ்வில் வரும் தொற்று, அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எல்லாம் முறைப்படி செய்தாலும் அது வரலாம், எனக்கும் வந்தது. வடித்த பையை அச்சடித்த தாளின் மேல் வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது வழக்கம். நல்ல திரவம் வெளிர் மஞ்சளாக இருக்கும், அடியில் உள்ள எழுத்தைத் தடையில்லாமல் படிக்கலாம். அன்று மகள்தான் பார்த்தாள். "அப்பா, கொஞ்சம் லைட்டுக்கிட்ட தூக்கிக் காட்டுங்க, எழுத்தே தெரியலையே" என்றாள். வயிற்றில் வலி அப்போதுதான் லேசாக ஆரம்பித்திருந்தது, காய்ச்சல் இல்லை. அந்தப் பையைக் கொட்டாமல் அப்படியே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம், அதிலிருந்தே மாதிரி எடுத்துச் சோதித்தார்கள், ஆன்டிபயாட்டிக்கைத் திரவத்தோடு கலந்தே வயிற்றுக்குள் கொடுத்தார்கள். டியூபை எடுக்க வேண்டிய நிலை வரவில்லை. கலங்கல் தெரிந்தால் காலை வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. திரவத்தில் நீரை இழுப்பது குளுக்கோஸ்தான். 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று வரும், சதவீதம் கூடக்கூட நீர் அதிகம் இறங்கும், சர்க்கரையும் அதிகம் உடம்பில் ஏறும். ஒரு நாளில் 100 கிராமுக்கு மேலும் ஏறலாம். எடை கூடுகிறது, பசி மந்தமாகிறது, வயிறு எப்போதும் நிறைந்தாற்போல இருக்கிறது. இன்னொரு பக்கம் வடியும் திரவத்தோடு புரதமும் போய்விடுவதால், பசியே இல்லாவிட்டாலும் புரதத்தைத் தேடிச் சாப்பிட்டாக வேண்டும். மலச்சிக்கல் வந்தால் வடிவது நின்றுவிடும், இது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் பல பேருடைய "டியூப் அடைத்துவிட்டது" புகாருக்குக் காரணம் அதுதான். தொட்டிக் குளியலும் குளத்து நீச்சலும் போச்சு.

அப்புறம் லீவே கிடையாது. இதைத்தான் நான் கடினம் என்பேன். வலியைவிட, ஊசியைவிட, கல்யாண வீட்டிலும் காய்ச்சலிலும் நான்காவது பை காத்துக்கொண்டிருக்கும் என்பதுதான் மனதை அரிக்கிறது. "உங்க தைரியத்துக்கு நீங்க நல்லா இருப்பீங்க" என்று அன்பாகச் சொல்கிறார்கள். என்னைத் தாங்குவது தைரியம் இல்லை. தைரியம் இல்லாத நாள் எத்தனையோ உண்டு, அன்றைக்கும் கை தானாக ஃபேனை நிறுத்துகிறது, மாஸ்க்கை எடுக்கிறது. மனசு சரியில்லாத நாளிலும் ஓடும்படி இந்த வேலையைப் பழக்கமாக்கிக்கொண்டதால்தான் ஓடுகிறது. அதையும் மீறி வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் போன காலம் ஒன்று இருந்தது, அப்போது மனநல டாக்டரிடம் போனேன், மருந்தும் பேச்சும் உதவின. டயாலிசிஸில் இருப்பவர்களிடம் மனச்சோர்வு சாதாரணமாகக் காணப்படுவதுதான், அதைச் சிறுநீரக டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படவே வேண்டாம்.

யாருக்கு இது சரி வரும்? தன் கையால் செய்ய முடிந்தவர்கள், அல்லது செய்துகொடுக்க வீட்டில் ஒருவர் இருப்பவர்கள், வேலையை விட விரும்பாதவர்கள், சுத்தமாக ஒரு மூலை ஒதுக்க முடிந்தவர்கள். வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சைகள் நடந்து உள்ளே குடலும் சவ்வும் ஒட்டிக்கொண்டிருந்தால் சரி வராது, ஹெர்னியா (குடலிறக்கம்) இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். பகலில் பை மாற்ற முடியாதவர்களுக்கு இரவில் தூங்கும்போதே மாற்றிவிடும் சைக்ளர் மெஷின் இருக்கிறது. அதைப் பற்றி முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

சவ்வு காலப்போக்கில் மாறும். என்னுடையது இப்போது சர்க்கரையை வேகமாக உறிஞ்சுகிறது, நீர் முன்போல இறங்குவதில்லை, சோதனையில் அது தெரிந்தது. நீண்ட நேரம் உள்ளே இருக்கும் இரவுப் பைக்கு, குளுக்கோஸுக்குப் பதில் மெதுவாக உறிஞ்சப்படும் ஐகோடெக்ஸ்ட்ரின் கலந்த திரவத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், கால் வீக்கம் குறைந்திருக்கிறது. அதுவும் போதாமல் போனால் ஹீமோதான், டாக்டரோடு பேசிவைத்திருக்கிறேன், கையில் ஃபிஸ்டுலா (ஹீமோவுக்காக இரண்டு இரத்தக்குழாய்களை இணைப்பது) போட எந்த இரத்தக்குழாய் சரியாக இருக்கும் என்றும் பார்த்தாகிவிட்டது. அதற்காகவே இடது கையில் இரத்தம் எடுக்கவோ டிரிப் போடவோ இப்போது யாரையும் விடுவதில்லை.